கபடியில் நெஞ்சில் அடி, மூச்சுத் திணறல்: களத்தில் என்ன செய்வது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காங்கயம் பக்கத்து ஊர் ஒன்றில் மின்னொளி கபடிப் போட்டி நடத்தும் நண்பர் கேட்டிருக்கிறார். ரெய்டு போன பையனை மடக்கும்போது ஒருவருடைய முட்டி அவன் வலது மார்பில் ஏறிவிட்டது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தான், சோடா குடித்தான், இரண்டாவது பாதியில் மறுபடி இறங்கி ஆடினான். ராத்திரி வீட்டில் படுக்க முடியாமல் மூச்சு வாங்கியிருக்கிறது. நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் நெஞ்சில் டியூப் போட்டார்கள். இப்போது தேறிவிட்டான். "களத்துலயே நாங்க இதைக் கண்டுபிடிச்சிருக்க முடியுமாங்க? அடுத்த போட்டிக்கு என்னென்ன வாங்கி வெக்கோணும்?"

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் என் பதில்: கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் அவனை மறுபடி ஆட விடாமல் இருந்திருக்கலாம். நோயின் பெயரைச் சொல்வது களத்தில் நிற்பவர்களின் வேலையே இல்லை, அதற்குத்தான் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் இருக்கின்றன. அங்கே பார்க்க வேண்டியது ஆள் நினைவோடு இருக்கிறானா, இருந்தால் நேரம் போகப் போக மூச்சு தேறுகிறதா மோசமாகிறதா என்பதுதான். சாமான் பட்டியலெல்லாம் அதற்கப்புறம்.

நினைவோடு இருப்பவனை முதலில் பார்ப்போம். கபடியில் மிகச் சாதாரணமாக நடப்பது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள குழியில் அடி விழுந்து மூச்சு அப்படியே நின்ற மாதிரி ஆவது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் வருவது இது. ஆள் வாயைத் திறந்து திணறுவான், பார்க்கிறவர்களுக்குக் கதி கலங்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக விட்டுவிடும். குனிந்தாற்போல் உட்கார வைத்து, இடுப்பில் இறுக்கியிருப்பதைத் தளர்த்தினால் போதும். இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து மேலே இழுப்பது, முதுகில் குத்துவது, முகத்தில் தண்ணீரை வீசுவது எதற்கும் வேலை இல்லை. சுற்றிக் கூடுகிற கூட்டத்தை விரட்டினால் அதுவே பெரிய உதவி.

இரண்டு மூன்று நிமிடத்தில் சரியாகவில்லை என்றால், அல்லது சரியான மாதிரி இருந்து மறுபடி வாங்குகிறது என்றால், அது வேறு கணக்கு. பனியனைக் கழற்றச் சொல்லுங்கள். அவன் எதிரே நின்று, மூச்சு இழுக்கும்போது மார்பின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஏறுகிறதா என்று பாருங்கள். மூச்சை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஆடி முடித்த கையோடு நிமிடத்துக்கு 40 வரைகூடப் போகலாம், அதில் பயமில்லை. 5 நிமிடம் உட்கார்ந்த பிறகும் அது இறங்காமல் நிற்பதுதான் கெட்ட குறி. அப்புறம் ஒரே மூச்சில் 'கபடி கபடி' பாடச் சொல்லுங்கள். 30 விநாடி ரெய்டு முழுக்க மூச்சு விடாமல் பாடுகிற பையன், உட்கார்ந்த இடத்தில் ஏழெட்டு விநாடிகூட இழுக்க முடியாமல் விலாவைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினால், அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அதற்கு மேல் காரணம் வேண்டாம். பலரிடமும் இப்போது இருக்கும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 94-க்குக் கீழே காட்டினாலும் அதே முடிவுதான். ஆனால் அது 98 காட்டுகிறது என்று நிம்மதியடைய வேண்டாம். இளம் உடம்பு காற்றுக்கசிவைக் கொஞ்ச நேரம் சமாளித்து நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

அந்தப் பையனுக்கு நடந்தது அதுதான். விலா எலும்பின் முனை குத்தியோ, அடியின் அழுத்தத்திலோ நுரையீரலில் சின்ன ஓட்டை விழும். மூச்சு இழுக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று வெளியே கசிந்து, நெஞ்சுக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் நடுவில் சேரும். மெதுவாகக் கசிந்தால் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். சிலருக்கு அந்த ஓட்டை சைக்கிள் டியூபின் வால்வு மாதிரி ஆகிவிடும். காற்று உள்ளே போகும், திரும்பி வராது. அப்போது அழுத்தம் ஏறி நுரையீரல் சுருங்குவதோடு இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் தடைபடும். ஆள் வெளுத்து வியர்த்து, கழுத்து நரம்பு புடைத்து, பேச முடியாமல் தவிப்பான். அதற்கு விலாவுக்கு இடையில் ஊசி குத்திக் காற்றை இறக்க வேண்டும். அது பயிற்சி பெற்றவர் செய்யும் வேலை, யூடியூபில் பார்த்துச் செய்வதல்ல.

அதனால் எந்தப் போட்டியிலும் இந்த ஒரு விதியை வைக்கச் சொல்வேன்: நெஞ்சில் அடிபட்டு உட்கார வேண்டிய அளவுக்கு ஆனவன் அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது. "அட, ஒண்ணுமில்ல கண்ணு, எந்திரி" என்று தட்டிக்கொடுப்பது அன்பில்தான். ஆனால் இறுதி ஆட்டத்தில் நல்ல ரெய்டரை வெளியே உட்கார வைக்க எந்த அணித் தலைவனுக்கும் மனசு வராது. ஆகவே முடிவு அவன் கையில் இருக்கக் கூடாது, போட்டி நடத்துபவர் கையில் இருக்க வேண்டும். வெளியே உட்கார்ந்தவனைத் தனியாக பைக்கில் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அன்று ராத்திரி கூட ஒருவர் படுக்கட்டும். மூச்சு வாங்குவது, தோள்பட்டைக்கு ஏறும் வலி, இருமலில் ரத்தம், கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறவென்று ஒரு உணர்வு, குரல் மாறிப்போவது, இதில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். டியூப் போட்டவன் மறுபடி எப்போது ஆடலாம் என்பதை எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுதாக விரிந்ததைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உடம்போடு உடம்பு மோதும் ஆட்டத்துக்கு அதற்குப் பிறகும் சில வாரங்கள் ஆகும். விமானப் பயணமும் அவரைக் கேட்டுத்தான்.

அடியே படாமல் இதே சிக்கல் வருவதும் உண்டு. உயரமாக, ஒல்லியாக இருக்கும் இளைஞர்களுக்கு நுரையீரல் உச்சியில் உள்ள சின்னக் கொப்புளம் தானாக உடையும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடுதல். வாலிபால் ஆடுகிறவர்களில் இந்த உடல்வாகு நிறைய. திடீரென ஒரு பக்கம் குத்தும், மூச்சு இழுத்தால் கூடும். நம் ஊரில் இதற்கு உடனே வைக்கும் பெயர் 'வாய்வுப் பிடிப்பு'. பூண்டும் சோடாவும் கொடுத்து இரண்டு நாள் கழித்துக் கூட்டி வருவார்கள்.

விலா எலும்பு முறிவுக்கு வருகிறேன். தொட்டால் ஒரே இடத்தில் சுள்ளென்று வலிக்கும், இருமினால், தும்மினால், சிரித்தால் உயிர் போகும். எலும்பு தானாகக் கூடிக்கொள்ளும், ஏறக்குறைய 6 வாரம். இங்கே இரண்டு பழக்கங்கள் கெடுதல் செய்கின்றன. ஒன்று, எண்ணெய் போட்டு நீவி விடுவது. முறிந்த முனை உள்ளே குத்த நாமே வழி செய்வதுபோல் ஆகிவிடும். இன்னொன்று, நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டுப் போடுவது. கட்டினால் வலி குறைவது உண்மைதான், ஆனால் ஆழமாக மூச்சு விட முடியாமல் சளி தேங்கி நிமோனியா வரலாம். இப்போது விலாவுக்குக் கட்டுப் போடச் சொல்வதில்லை. வலி மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொண்டு, மணிக்கு ஒருமுறை ஆழ மூச்சு இழுத்து விட்டு, இருமும்போது தலையணையை விலாவோடு அணைத்துக்கொள்வதுதான் வைத்தியம்.

அடி எந்த இடத்தில் என்பதையும் கவனியுங்கள். இடது பக்கம் கீழ் விலாவில் என்றால் அதற்கு அடியில் மண்ணீரல், வலது பக்கம் என்றால் கல்லீரல். இவை கிழிந்து உள்ளேயே ரத்தம் கசியும்போது மூச்சைவிட முகம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்: வெளுப்பு, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல், தாகம். அந்தத் தாகத்துக்குச் சோடாவோ இளநீரோ கொடுத்துவிடாதீர்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும். உதட்டை நனைத்தால் போதும்.

இனி நினைவில்லாமல் விழுபவன். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

கார்க் பந்து நெஞ்சில் பட்ட பையன் இரண்டு அடி நடந்து சரிகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டியோ முழங்கையோ பட்டாலும் இப்படி நடக்கலாம். அடி அவ்வளவு பலமாகக்கூட இருக்காது. எலும்பு உடையாது, நுரையீரல் கிழியாது. இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் தன்னை மீட்டுக்கொள்ளும் நேரத்தில் ஒரு சின்ன இடைவெளி உண்டு, ஏறக்குறைய 20 மில்லி விநாடி. சரியாக அந்த இடைவெளியில், இதயத்துக்கு நேர்மேலே அடி விழுந்தால் தாளம் குலைந்து இதயம் வெறுமனே நடுங்க ஆரம்பிக்கும். ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஆங்கிலத்தில் காமோஷியோ கார்டிஸ் என்பார்கள். நெஞ்சுக்கூடு இன்னும் கெட்டிப்படாத பதின்ம வயதுப் பையன்களுக்குத்தான் அதிகம் வருகிறது. 2023 ஜனவரி 2-ஆம் தேதி அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின் எதிராளியோடு மோதி எழுந்து நின்று, அப்படியே மல்லாந்து விழுந்ததை உலகமே டிவியில் பார்த்தது. மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின் அதிர்வு கொடுத்தார்கள். அவர் பிழைத்ததோடு அதே ஆண்டில் மறுபடி ஆடவும் வந்தார்.

நம் மைதானத்தில் என்ன நடக்கும்? விழுந்த பையனுக்குக் கை கால் லேசாக வெட்டி இழுக்கும். மூளைக்கு ரத்தம் போகாததால் வரும் இழுப்பு அது. பார்த்தவுடன் யாராவது "வலிப்புடா!" என்று கத்துவார். பைக் சாவிக்கொத்து ஒன்று அவன் உள்ளங்கைக்குள் போகும். நான்கு பேர் விரல்களை மடக்கி அதை இறுக்கிப் பிடிப்பார்கள். இடையில் அவன் வாய் பிளந்து, மீன் போல ஒரு இழுப்பு இழுப்பான். "மூச்சு வருது, மூச்சு வருது" என்று எல்லாரும் ஆறுதலடைவார்கள். அது மூச்சு அல்ல. இதயம் நின்ற பிறகு வரும் வெறும் இழுப்பு. சாவி பிடித்த அந்த நிமிடங்களில்தான் உயிர் போகிறது. வலிப்புக்கே இரும்பால் பயனில்லை, இதற்கு எங்கிருந்து வரும்?

கூப்பிட்டு, தோளைத் தட்டி, பதில் இல்லை, ஒழுங்கான மூச்சும் இல்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். நாடி தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஒருவர் 108-ஐ அழைத்து போனை ஸ்பீக்கரில் வைக்கட்டும். மல்லாக்கப் படுக்க வைத்து, மார்பு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கை அடிப்பகுதியை வைத்து, மேலே இன்னொரு கை, முழங்கை மடங்காமல், 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே வர வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், அதற்குள் கை சோர்ந்துவிடும். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரிந்தால் 30 அழுத்தத்துக்கு 2 ஊதல். தெரியாவிட்டால் அழுத்துவது மட்டும் போதும், நிறுத்தாதீர்கள். "ஏற்கனவே நெஞ்சில் அடிபட்டவன் ஆச்சே, அழுத்தினால் இன்னும் உடையாதா?" என்று கேட்பார்கள். உடைந்த விலா 6 வாரத்தில் கூடிவிடும்.

ஏ.இ.டி. என்னும் மின் அதிர்வுக் கருவி இருந்தால் எடுத்து வந்து மாட்டுங்கள். எங்கே ஒட்டுவது, எப்போது பட்டனை அழுத்துவது என்று அதுவே பேசிச் சொல்லும். தேவையில்லாதவனுக்கு அது அதிர்வு கொடுக்காது. இதயம் நடுங்கிக்கொண்டிருக்கும் ஆளுக்கு அழுத்தமும் அதிர்வும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆம்புலன்ஸ் வர 15 நிமிடம் ஆகும் ஊரில் இந்தக் கணக்கு என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

பெண்கள் போட்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. மாணவி விழுந்தால் ஆண்கள் தொடத் தயங்குகிறார்கள். ஒரு பெண் பயிற்றுநருக்கோ மூத்த வீராங்கனைக்கோ இந்தப் பயிற்சியை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அவர் அருகில் இல்லை என்றால் தயங்காமல் நீங்கள் ஆரம்பியுங்கள். சுற்றிலும் ஒரு துப்பட்டாவைப் பிடித்துக்கொள்ள ஆள் இருப்பார்கள்.

ரேக்ளாவும் ஜல்லிக்கட்டும் நடக்கும் சீமை என்பதால் மாட்டுக்கொம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெஞ்சில் குத்துப்பட்டு, மூச்சோடு சேர்ந்து புண்ணில் 'புஸ்' என்று சத்தமும் நுரையும் வந்தால் துணியைத் திணித்து அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் காற்று உள்ளேயே மாட்டும். ரத்தம் ஊற்றினால் அந்த இடத்தை அழுத்திப் பிடிக்கலாம், இல்லாவிட்டால் திறந்தபடியே விட்டுக் கொண்டுபோகலாம். ஈட்டி, கம்பி எதுவும் குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது, ஆடாமல் பிடித்தபடி கொண்டுவாருங்கள்.

அடி இல்லாமல் வரும் மூச்சுத் திணறலில் முதலிடம் ஆஸ்துமாவுக்கு. நம் பகுதியில் சாயங்காலம் கபடி ஆடும் பையன்களில் பலர் பகலில் ஸ்பின்னிங் மில்லிலோ பனியன் கம்பெனியிலோ இருப்பவர்கள். பஞ்சைப் பிரித்துச் சிக்கெடுக்கும் புளோரூமிலும் கார்டிங்கிலும் பறக்கும் பஞ்சுத்தூசி மூச்சுக்குழாயை உறுத்தும். வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் நெஞ்சு இறுகி, அப்புறம் நாள் போகப் போகக் குறைகிறது என்று ஒருவன் சொன்னால் பஞ்சுத்தூசி நோயை நினைக்க வேண்டும். அவனுக்கு வேண்டியது மார்புநோய் மருத்துவர், புது ஷூ அல்ல. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தூசி, நாமக்கல்லில் கோழிப்பண்ணைத் தூசி என்று ஊருக்கு ஒன்று இருக்கிறது.

ஆடும்போது வரும் ஆஸ்துமா பெரும்பாலும் ஆட்டத்தை நிறுத்திய 5 முதல் 10 நிமிடத்தில்தான் உச்சத்துக்குப் போகும். மூச்சை வெளியே விடும்போது விசில் அடிக்கும். நிமிர்ந்து உட்கார வைத்து, சால்பியூட்டமால் இன்ஹேலர் (கடையில் அஸ்தாலின் என்று கேட்டால் தருவது) ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டி, மருந்தைத் தேக்கி மூச்சோடு இழுக்க உதவும் குழாய்) வழியாக ஒவ்வொரு முறையாக 4 அழுத்தம் கொடுங்கள். 4 நிமிடம் பாருங்கள். தேறவில்லை என்றால் மறுபடி 4, கூடவே 108-க்குப் போன். ஸ்பேசர் இல்லையா? அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, பாட்டில் வாயில் மூச்சு இழுக்கச் செய்தால் அதே வேலையைச் செய்யும். விசில் சத்தம் திடீரென நின்று, ஆள் இன்னும் திணறுகிறான் என்றால் அது தேறியதாக அர்த்தமில்லை. காற்றே போகவில்லை என்று அர்த்தம். மாநில அணி, தேசியப் போட்டி என்று போகிறவர்கள் ஊக்கமருந்து விதியையும் தெரிந்துகொள்ளுங்கள்: சால்பியூட்டமால் இன்ஹேலருக்குத் தடை இல்லை, ஆனால் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-க்கு மேல் போகக் கூடாது. ஒரு அழுத்தம் 100. உயிருக்கு ஆபத்து என்றால் கணக்குப் பார்க்காமல் கொடுங்கள், ஆவணத்தைப் பிறகு சமர்ப்பிக்கலாம்.

இன்ஹேலருக்கு மசியாமல், மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் சத்தம் வந்து, ஆட்டத்தை நிறுத்தியதும் சில நிமிடத்தில் மறைந்தால் அது குரல்வளை இறுகுவதாக இருக்கலாம். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விட்டு உதடும் விரலும் மரத்து மடங்கிக்கொள்வதும் உண்டு. அதற்குக் காகிதப் பையை முகத்தில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அதே அறிகுறிக்குள் ஆஸ்துமா ஒளிந்திருந்தால் ஆளையே கொன்றுவிடும். தேனீயோ கதண்டோ கொட்டி, உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி மூச்சு முட்டினால் அட்ரினலின் ஊசி உடனே வேண்டும். அதற்கு மட்டும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமே சரி, பெரிய ஆஸ்பத்திரி தேடி ஓட வேண்டாம்.

நெஞ்சில் அடிபட்டவனுக்கு இது தலைகீழ். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஊசி போட்டு அனுப்பினால் நேரம்தான் வீண். எக்ஸ்ரே, ஸ்கேன், ராத்திரியிலும் சர்ஜன், ரத்த வங்கி உள்ள இடம் வேண்டும். கோவை, பெருந்துறை, கரூர் அரசு மருத்துவக் கல்லூரிகளோடு 2022 ஜனவரியில் திருப்பூரும் நாமக்கல்லும் சேர்ந்துவிட்டன. உங்கள் ஊரிலிருந்து எது கிட்டம் என்பதை நோட்டீஸ் அடிக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

வாங்கி வைக்க வேண்டியது அதிகமில்லை. இன்ஹேலர், ஸ்பேசர், ஆக்சிமீட்டர், பனியனை வெட்ட நல்ல கத்தரிக்கோல், சுத்தமான கட்டுத் துணி, ஸ்ட்ரெச்சர். ஏ.இ.டி. ஒரு லட்சம் ரூபாயை ஒட்டி வரும். ஒரு ஊர் வாங்க முடியாவிட்டால் நாலைந்து ஊர்க் கமிட்டிகள் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம், பரிசுக் கோப்பையின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்தால் பாதிப் பணம் அதிலேயே வந்துவிடும். ஆக்சிஜன் சிலிண்டர் கையாளத் தெரிந்தவர் இல்லாமல் வேண்டாம். இதயம் நின்ற ஆளை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடாமல், அங்கேயே அழுத்திக்கொண்டு ஆம்புலன்சை வரவழைப்பதுதான் சரி. நினைவோடு மூச்சு வாங்குபவனை 108 தாமதமானால் காரில் உட்கார்ந்த வாக்கில், அடிபட்ட பக்கம் சாய்த்துக் கொண்டுபோகலாம். பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் செருகிக்கொண்டு போவது கூடவே கூடாது.

அப்புறம் வழி. மின்னொளிப் போட்டி என்றால் களத்தைச் சுற்றி பைக்குகள் அடைந்து நிற்கும், அதற்கு வெளியே கடலை வண்டி, அதற்கும் வெளியே கார்கள். ஆம்புலன்ஸ் தார்ரோட்டில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். களத்திலிருந்து ரோடு வரை ஒரு வண்டி போகும் அகலத்துக்குக் கயிறு கட்டி, இரண்டு பையன்களை அங்கே நிறுத்திவிடுங்கள். 108-க்குப் பேசுபவர் கையில் ஊர்ப்பெயர், பஸ் ஸ்டாப், பக்கத்துக் கோயில் பெயர் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும். ஸ்பீக்கர் செட்காரரிடம் மைக்கை நிறுத்தச் சொல்லவும் ஒருவர் வேண்டும், இல்லாவிட்டால் போனில் எதிர்முனை பேசுவது ஒன்றும் காதில் விழாது.